கடலுக்குப் போன மீசை

காலாப்பட்டு
3.2.2025

அன்பு மகள் பூவிழிக்குத் தாய்மாமன் எழுதுவது.

யாரும் நம்பாத கதை சொல்லப்போகிறேன், சத்தியமாக. நேற்று விடியலில் என் மீசை எழுந்து கடலுக்குப் போய்விட்டது. அலைமேல் படுத்து, ஒரு நுனி கடலூரைத் தொட, மறு நுனி சென்னையைத் தொட, கனவு கண்டபடி மிதக்கிறது. கூப்பிட்டால், "பூவிழிக்குக் குழந்தை பிறக்கட்டும், தொட்டில் கயிறா வர்றேன்" என்கிறது.

டாக்டரம்மா என்ன சொன்னார்? எழுது.

புருஷோத்தமன்


சாரம்
8.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினால் என் மாமியார், அத்தை காதில் விழும். ஹார்மோன் கோளாறுதானாம், பிசிஓஎஸ். புதிதாக இரண்டு மாத்திரை தந்திருக்கிறார். "வேற மாத்திரை எதாவது சாப்பிடுறியாம்மா?" என்றார். பக்கத்தில் என் வீட்டுக்காரரும் அத்தையும். "இல்லீங்க" என்றேன்.

ஆனால் தாடையில் முடி வளராமலிருக்கத் தோல் டாக்டர் எழுதியதைக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே போடுகிறேன். 'மீசை மாத்திரை' என்பாள் அம்மா. அழகுக்குப் போடுவது மருந்தில் சேருமா? நிறுத்தினால் முடி வந்துவிடும். அவருக்கு இது தெரியாது. இந்த மாதமும் தள்ளிப்போகவில்லை, குளித்துவிட்டேன்.

பூவிழி


சாரம்
15.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

"மீசையை இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டு" என்று போனில் கத்தினீர்களே, அத்தை உங்களுக்குத்தான் மீசையில் ஏதோ வியாதி என்று கவலைப்படுகிறார்.

மீசை மாத்திரை அட்டையோடு போனேன். டாக்டரம்மா திட்டவில்லை. "முழுங்குறதெல்லாம் மாத்திரைதாம்மா. குழந்தைக்குப் பாக்குறப்ப இது ஆகாது, வயித்துல இருக்கிறதுக்குக் கெடுதல். நிறுத்திடு. நான் சொல்ற வரைக்கும் குழந்தைக்குப் பாக்க வேணாம். மத்ததை நீயா நிறுத்தாத" என்றார்.

அவரிடமும் சொல்லிவிட்டேன். "எனக்கே மீசை சரியா வரல, பாதி குடேன்" என்கிறார்.

இருந்தாலும் மாமா, இனி முடி வந்துவிடுமே என்று கண்ணாடி பார்க்கவும் தெருவில் நடக்கவும் கூச்சமாயிருக்கிறது.

பூவிழி


காலாப்பட்டு
19.2.2025

அன்பு மகளுக்கு,

அத்தையிடம் சொல், மீசை நலம். நேற்று ஒரு திமிங்கிலத்துக்குத் தாலாட்டுப் பாடியதாம்.

சரி, கடலூர், சென்னை, திமிங்கிலம் எல்லாம் பொய். ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். மீசை முகத்தில் இல்லை. முதல் தடவை நீ டாக்டரிடம் போன அன்று வேண்டிக்கொண்டு எடுத்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பே சிரிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கடற்கரை வரை சேர்ந்து நடப்போம், இருந்த மீசை இல்லாமல் நான், வந்தால் வரட்டும் என்று நீ.

மாமன்