இரண்டாவது ரிமோட்

8.3.1993

அன்பு மனைவிக்கு,

நான் நலம், கடையும் நலம். வீடியோ கேம் மட்டும் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறது. கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனது சரி, கேசட்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போவார்களா? அங்கே அதைச் செருக மிஷினும் கிடையாது. வைக்கோல் போர் நாய் கதைதான்.

கடைசிக் கட்டத்தில் நீ பாலத்தைத் தாண்டப்போகும் நேரத்தில், வந்த நண்பனோடு விளையாட உன் ஆட்டத்தை நிறுத்திப் புதிதாகத் தொடங்கினேன். தப்புதான். அதற்காக ஊரைவிட்டே போவாயா? இங்கே தினமும் பால் பொங்கி அடுப்பை அணைக்கிறது.

உன்,
டி.வி. ரிப்பேர்காரன்

12.3.1993

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

அக்காவும் மாமாவும் சுகம். நாய்க் கதையை அக்காவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். இனி இந்த வாசலை மிதிப்பது உங்கள் சமர்த்து.

போன ஆட்டத்துக்காகவா வந்தேன்? அன்று உங்கள் நண்பர் பேச்சுவாக்கில் உளறிவிட்டார். ஒரு வரிசைத் தையல்காரர்களை மேற்பார்க்கும் லைன் இன்சார்ஜ் வேலையை எனக்குத் தருவதாக, நான் முன்பு தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கம்பெனி சூப்பர்வைசர் கடைக்குப் போன் செய்தாராம். "அவளுக்கு வீட்டு வேலையே சரியா இருக்கு, வேணாங்க" என்று நீங்களே சொல்லி வைத்துவிட்டீர்களாம். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நம் வீடியோ கேமில் தொடங்கும் பட்டனும் நிறுத்தும் பட்டனும் முதல் ரிமோட்டில்தான் இருக்கின்றன. வாங்கிய நாளிலிருந்து அது உங்கள் கையில். இரண்டாவதை வைத்துக்கொண்டு நான் ஓடலாம், குதிக்கலாம், சுடலாம். நிறுத்த மட்டும் முடியாது. ஆட்டத்தில் பொறுத்துக்கொண்டேன், வாழ்க்கையிலுமா?

போன் செய்யாதீர்கள். போனிலும் நீங்கள்தான் பேசி முடிப்பீர்கள்.

இப்படிக்கு,
இரண்டாவது ரிமோட்

16.3.1993

அன்பு மனைவிக்கு,

உன் குறை தீர்ந்தது! இரண்டாவது ரிமோட்டைப் பிரித்து, பழைய ரேடியோவிலிருந்து ஒரு பட்டனைக் கழற்றி வைத்து, நன்றாக ஈயம் பற்றவைத்துவிட்டேன். இனி நீயும் நிறுத்தலாம். சிவப்புப் பட்டன், உனக்குப் பிடித்த நிறம். எப்போது வருகிறாய்?

உன்,
ரிப்பேர்காரன்

19.3.1993

அன்புள்ளவருக்கு,

பட்டனுக்கு நன்றி. எதற்கெடுத்தாலும் ஈயம் பற்றவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். சூப்பர்வைசரிடம் சொன்ன சொல்லை எந்த ஈயத்தால் ஒட்டுவீர்கள்? எனக்கு அந்த வேலை ஆசை. அதை உங்களிடம் சொல்லக்கூட எனக்கு வாய்ப்பில்லாமல் போனதுதான் வலிக்கிறது.

அக்கா உங்களை விசாரித்தாள். கோபமாகத்தான்.

23.3.1993

அன்புள்ளவளுக்கு,

இன்று கடையைப் பூட்டிவிட்டு உன் பழைய கம்பெனிக்குப் போனேன். வாசலில் நின்று சூப்பர்வைசரிடம், "அன்னிக்கு நான் சொன்னது என் பேச்சுங்க. அவளைக் கேளுங்க" என்றேன். ஒன்றாம் தேதி வரை அந்த இடத்தை வைத்திருப்பாராம். நீ என்ன சொல்வாய் என்று என்னையே கேட்டார். தெரியாது என்றேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, உன் மனதில் இருப்பது எனக்குத் தெரியாமல் நின்றேன். வெட்கமாக இருந்தது.

இதோடு வரும் பார்சலில் முதல் ரிமோட் இருக்கிறது. கேசட்டும் உன்னிடம், ரிமோட்டும் உன்னிடம். இனி இங்கே நானாக எதையும் தொடங்க முடியாது. நீ வந்தாலும் வராவிட்டாலும் அது உன்னுடையது.

உன்,
நான்

26.3.1993

என் அன்புள்ளவருக்கு,

பார்சல் வந்தது. "மிஷினே இல்லாம இத வச்சு என்னடி பண்ணுவே?" என்று அக்கா சிரிக்கிறாள். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

சூப்பர்வைசருக்கு நானே போன் செய்துவிட்டேன். ஒன்றாம் தேதி வேலையில் சேருகிறேன். செவ்வாய்க்கிழமை மாலை பஸ்ஸுக்கு வருகிறேன், பெட்டி கனம், ஸ்டாண்டுக்கு வாருங்கள். மாமா கேசட்டைத் தூசி போக ஊதி ஊதி வைத்திருக்கிறார்.

முதல் ரிமோட் என் கையில்தான் இருக்கும், கேட்டால் சில நாள் தருவேன். நீங்கள் வைத்த சிவப்புப் பட்டன் இருக்கிறதல்லவா, பால் பொங்கும்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு அடுப்படிக்கு ஓட, அதை என்னைக் கேட்காமலே அழுத்திக்கொள்ளலாம்.

உங்கள்,
லைன் இன்சார்ஜ்