எண்பது வாட்டில் ஒரு பொட்டு

ஜூலை 8, செவ்வாய்

காலை முதல் புழுக்கம். மேகம் கூடி நின்றதோடு சரி. குளத்துப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

வாங்க வேண்டியது: காபித் தூள், பட்டன் செல், ரத்த அழுத்த மாத்திரை.

கயல் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சின்ன டெம்போ அனுப்புகிறார்களாம். ஹாலில் நிற்கும் எக்சர்சைஸ் பைக்கை அவளுடைய மாமனார் கேட்கிறார். போன மாதம் அவருக்கும் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே மெதுவாக சைக்கிள் மிதிக்கலாம், எண்பது வாட்டைத் தாண்டக் கூடாது என்று அவருடைய டாக்டரும் சொல்லியிருக்கிறார். வசந்திக்குச் சொன்ன அதே எண்பது.

“எடுத்துட்டுப் போகட்டும்பா. எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கல.”

வ. போய் ஐந்து மாதம் ஆகிறது. கயல் இன்னும் ‘அம்மா’ என்று சொல்வதில்லை. ‘அவங்க’ என்கிறாள். படத்தைப் பெரிதாக்கி மாட்டலாம் என்றேன், இப்போது வேண்டாம் என்றுவிட்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். ஆஞ்சியோ முடிந்து வீட்டுக்கு வந்த அன்று வ. அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள், எண்பதைத் தாண்ட மாட்டேன் என்று. பிப்ரவரியில் அந்தக் காலை, பைக்கிலிருந்து இறங்கி சோபாவில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நான் கீழே பால் வாங்கப் போயிருந்தேன். பத்தாம் நாள் காரியம் முடிந்த பிறகு கயல் பைக்கின் திரையைத் தட்டிப் பார்த்தாள். கடைசி ஓட்டம், சராசரி 110 வாட். போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்கு அனுப்பவில்லை. காட்டினாள், அவ்வளவுதான்.

டெம்போ வருவதற்குள் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். அந்த 110 நிஜமா?

ஜூலை 9, புதன்

பத்திரிகை டெஸ்குக்கு விடுப்பு. ஜுரம் என்று சொன்னேன்.

வீட்டு பைக்குகள் அதிகமாகக் காட்டும் என்று வ.வும் அவளோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டும் பெண்களும் பேசிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். மிதிக்கும் விசையை பைக் அளப்பதில்லை. பாரத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் எங்கே நிற்கிறது, கால் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. நேராக அளப்பது பவர் மீட்டர். வ.வின் ரோட் சைக்கிள் பால்கனியில் தொங்குகிறது. பவர் மீட்டர் அதன் பெடலுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு பெடலையும் கழற்றி வீட்டு பைக்கில் மாட்டினால் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வலது பெடல் சுலபமாக வந்தது. இடது அசையவில்லை. ஸ்பேனரில் தொங்கிப் பார்த்தும் பலனில்லை. சம்பந்தி ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவரையே கேட்டேன்.

“இன்னா சம்பந்தி, இடது பெடலா? அதுக்கு மரை உல்டா. நீங்க கழட்டல, நல்லா டைட் வெச்சிக்கினுகீறீங்க.” பட்டறை இரைச்சலுக்கு மேல் அவர் சிரிப்பு. “வண்டிய எனக்குக் குடுக்க மனசில்லன்னா சொல்லிடுங்கோ, அதுக்கு ஏன் ஒடைக்கிறீங்கோ?”

எதிர்ப்பக்கம் திருப்பினேன், வந்தது. கையில் எடுத்தபோது இடது பெடல் வலதைவிடக் கனம். ஏன் என்று தெரியவில்லை. குறித்து வைக்கிறேன்.

வீட்டு பைக் பெடலை அசைத்ததும் திரை எரிந்தது. ‘வெல்கம் பேக், வசந்தி.’ செல்வி தரை துடைக்கும்போது மாப் குச்சி பட்டாலும் இப்படித்தான் எரியும். முதல் தடவை வாளியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். இப்போது, “அம்மா கூப்புடுறாங்க சார்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறாள். பாத்ரூம் கண்ணாடியிலும் பீரோவிலும் வ. ஒட்டி வைத்த ஸ்டிக்கர் பொட்டுகளையெல்லாம் அவள்தான் சுரண்டி எடுத்தாள். பைக் குமிழில் உள்ள மெரூன் பொட்டு மட்டும் இருக்கிறது. கண்ணில் படவில்லை போலும்.

லஸ் முனையில் வாங்கிய பட்டன் செல்லைப் போட்டதும் பெடலுக்கு உயிர் வந்தது. அதன் எண்ணைக் காட்டுவது வ.வின் சைக்கிள் கம்ப்யூட்டர், தீப்பெட்டி அளவு. ஆன் செய்ததும் அது பெடலைக் கண்டுகொண்டது. அடுத்த வரியில், ‘இதயத் துடிப்புப் பட்டை: தேடுகிறது.’ அவள் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் பட்டை. அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் வாங்கிய பையில் இல்லை.

தேடிக்கொண்டே இருக்கிறது. அணைத்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

விடியற்காலையில் தூறல். பால்கனிக் கொடியில் துண்டு நனைந்துவிட்டது.

அளந்தேன். நிமிடத்துக்கு அறுபது சுற்று. வ. அந்த வேகத்தை விடமாட்டாள். குமிழை அவள் விட்டிருந்த இடத்திலேயே விட்டேன்.

பைக்: 110. பெடல்: 105.

குமிழைக் குறைத்துப் பார்த்தேன். பைக் 90, பெடல் 86. இன்னும் குறைத்தேன். பைக் 70, பெடல் 67. மூச்சு வாங்கியது, ஓய்வெடுத்தேன். மறுபடி முதலிலிருந்து. மாற்றமில்லை.

பைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டுகிறது. ஆனால் ஐந்து வாட் பொய்யை வைத்துக்கொண்டு என்ன செய்ய? நான் எதிர்பார்த்தது முப்பது வாட் பொய்.

ஆக, அவள் தாண்டியிருக்கிறாள். கயல் சொன்னதுதான் சரி.

முப்பத்தைந்து வருடம் நிருபர் வேலை. வேண்டாத பதில் வந்தால் கேள்வியை மாற்றக் கூடாது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். இன்று மூன்றாவது தடவையும் ஏறி மிதித்தேன். 110, 105.

கயலுக்குப் போன்.

“அதான் நான் அப்பவே சொன்னேனேப்பா. இதுக்குப் போய் பெடலெல்லாம் கழட்டுனீங்களா?”

“பார்க்கணும்னு தோணிச்சு.”

“நம்ம கையில அடிச்சுட்டு, நீங்க கீழ போனதும் கூட்டி வெச்சிருக்காங்க. அவ்வளவுதான். விடுங்க.”

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மதியம் ரசம் சாதம். அப்பளம் கருகியது.

ஹாலுக்குள் போகாமல் பின்பக்க அறையிலேயே பேப்பர் படித்தேன். உடன் இருந்தவள் தினமும் கண்ணெதிரே ஒன்றைச் சொல்லி இன்னொன்றைச் செய்தாள் என்றால், மற்றதையெல்லாம் எங்கிருந்து சரிபார்க்க ஆரம்பிப்பது?

ஜூலை 11, வெள்ளி

வெயில். அடையாறு வரை பஸ். உட்கார இடம் கிடைத்தது.

உமா, வ.வோடு சைக்கிள் ஓட்டியவர், பல் டாக்டர். பெடல்களை யாருக்காவது கொடுக்கலாமா என்று கேட்கப் போனேன். வேறு எதற்கு என்று எனக்கே தெளிவில்லை. உள்ளே ஒரு பெரியவரிடம் அவர் சொல்வது கேட்டது. “வாயைத் தெறக்கச் சொன்னேன் மாமா, பேசச் சொல்லலை.”

கையுறையைக் கழற்றிவிட்டு வந்தார். வீட்டு பைக்கில் பெடலை மாட்டி அளந்தேன் என்றதும் முகம் மலர்ந்தது.

“அட, நாங்களும் பண்ணினோமே. டிசம்பர்ல ஒங்காத்துக்கு வந்தேன், நீங்க ஆபீஸ் போயிருந்தேள். இந்த ஆத்து பைக்கெல்லாம் முகஸ்துதி பண்ணும் வசந்தி, வாங்கினவா சந்தோஷப்படணுமோல்லியோ, பெடல் சொல்றதைத்தான் நம்பணும்னு நான்தான் சொன்னேன். நானே மாட்டிக் குடுத்தேன். பெடல் எண்பது காட்டற வரைக்கும் குமிழைத் திருப்பினா. அங்கயே நெத்தியிலேர்ந்து பொட்டை எடுத்து ஒட்டிட்டா. இதுக்கு மேல ஒரு நூல் போனாலும் கயல் என்னைக் கொன்னுடுவான்னா.”

“அப்போது பைக் திரையில் எவ்வளவு?”

“நூத்திப் பத்தோ என்னவோ. முப்பது வாட் பொய்னு ரெண்டு பேரும் சிரிச்சோம்.”

அந்த பைக்தான், அந்தப் பெடல்தான். அவளுக்கு எண்பது, எனக்கு நூற்றைந்து. இடது பெடல் ஏன் கனமாக இருக்கிறது என்று கேட்டேன்.

“அதுலதான் சென்சார் இருக்கு. வலது சும்மா வெறும் பெடல். ரெண்டு பக்கமும் வெச்சது வெலை ஜாஸ்தி. இடது கால் எவ்வளவு தள்றதோ, அதை ரெண்டால பெருக்கிக் காட்டும். ரெண்டு காலும் ஏறக்குறைய ஒண்ணுதானே.”

ஒரு காலைக் கேட்டுவிட்டு இரண்டு காலும் சொன்னதாக எழுதுகிறது. எங்கள் டெஸ்கில் அப்படி ஒரு செய்தி வந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

வ. போன வருடம் முட்டுக்காடு அருகே சைக்கிளிலிருந்து விழுந்தாள். இடது கணுக்கால். உள்ளே பிளேட் வைத்தார்கள். நடை சரியான பிறகும் அந்தக் காலை அழுத்தி ஊன்ற மாட்டாள். அன்று அவளைத் தூக்கிக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் உமாதான்.

அன்று அந்தக் கால் உங்களுக்கு நினைவு வரவில்லையா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

“ஏன், என்னாச்சு?”

“ஒன்றுமில்லை டாக்டர். சும்மாதான் கேட்டேன்.”

படி இறங்கும்போது உள்ளே யாரையோ கேலி செய்து அவர் சிரிப்பது கேட்டது.

ஜூலை 12, சனி

காலை பத்து மணிக்குக் கயல் வந்தாள். பைக்கைச் சுற்றிக் கட்டப் பழைய போர்வைகளும் சணல் கயிறும் கொண்டுவந்திருந்தாள்.

உமா சொன்னதைச் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டாள்.

“சரிப்பா. ஆனா கடைசில அவங்க ஓட்டினது நூத்திப் பத்துதானே?”

“ஆமாம்.”

“அப்புறம் என்ன?”

சமையலறைக்குப் போய்விட்டாள்.

பைக்கில் ஏறினேன். குமிழ் பொட்டில் நின்றது. மிதித்தேன். 110, 105. பிறகு இடது காலைத் தளர்த்தினேன். கணுக்காலுக்குள் பிளேட் இருப்பதுபோல, அதில் பாரம் விழுந்துவிடுமோ என்று பயப்படுவதுபோல. வலது காலால் கூடுதலாகத் தள்ளினேன்.

பெடல் எண் இறங்கத் தொடங்கியது. 97. 90. 84. பைக் 110-லேயே நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம். வியாழனன்று நான் மிதித்தபோது ஒரே சீராக ஓடிய சக்கரம், இப்போது ஒரு தள்ளல், ஒரு தொய்வு, ஒரு தள்ளல், ஒரு தொய்வு. டொக்... க்கும். டொக்... க்கும். மூன்று மாதம் தினமும் காலையில் காபிக்கு முன்னால் இந்த ஹாலில் கேட்டது. இதுவரை அதைத் தனியாகக் கேட்டதாக நினைவில்லை. பைக்கின் சத்தம் என்றே இருந்துவிட்டேன். அது அவளுடைய கால்.

80.

கயல் சமையலறை வாசலில் நின்றாள். கையில் ஈரத் துணி.

“நிறுத்துங்கப்பா.”

காலை எடுத்துவிட்டேன். சக்கரம் உடனே நிற்கவில்லை. நிற்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அது அம்மா ஓட்டுற சத்தம்” என்றாள்.

சைக்கிள் கம்ப்யூட்டரை அவளிடம் நீட்டினேன். 80-ஐப் பார்த்தாள். பைக் திரையைப் பார்த்தாள். குமிழில் இருந்த பொட்டைத் தொடாமல் விரலை அருகே கொண்டுபோனாள்.

“நெஜமாவே எண்பதுன்னுதான் நெனச்சாங்களா?”

“பெடல் அப்படித்தான் சொல்லியிருக்கு. அவ பொட்டைத் தாண்டலை.”

தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எவ்ளோ பேசிட்டேன்பா” என்றாள். பிறகு மெதுவாக, “அந்த முப்பது வாட்டாலதான்...?”

“டாக்டரே அப்படிச் சொல்லலை. நானும் சொல்ல மாட்டேன்.”

சாப்பிடும்போது, படத்தை எந்த ஸ்டூடியோவில் கொடுக்கலாம் என்று அவளே கேட்டாள். பாண்டி பஜார் பக்கம் ஒன்று இருக்கிறது என்றேன்.

மாலை உமா இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை. என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அவராகவே கண்டுபிடித்துவிட்டாரா என்பதும் தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வானம் மூட்டம். மழை இல்லை.

டெம்போவுக்கு முன்னாலேயே கயல் வந்துவிட்டாள். பெடலைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தேன்.

“இருங்கப்பா. பொட்டை இப்ப இருக்கற எடத்துலயே விட்டா மாமாவும் நூத்தஞ்சுல ஓட்டிடுவாரு.”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே ஏறினாள். இதுவரை அந்த பைக்கை அவள் மிதித்ததில்லை. நான் பின்னால் சோபாவில். முடியைத் தூக்கிக் கிளிப் போட்டிருந்தாள். வ.வின் அதே பிடரி. பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவளுக்கு இரண்டு கால்களும் நன்றாக இருக்கின்றன. சத்தம் சீராக வந்தது.

“அறுபது சுத்து வந்துடுச்சா?”

“வந்தாச்சு.”

குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். பெடல் 80. பைக் 84. கால் நிற்காமலே ஒரு கையால் பொட்டை நகத்தால் கிளப்பி, புது இடத்தில் வைத்து அழுத்தினாள். பழைய இடத்துக்கும் புது இடத்துக்கும் ஒரு கட்டைவிரல் அகலம்கூட இல்லை. பழைய இடத்தில் பசை வட்டமாகத் தெரிந்தது. துடைக்கிறாளா என்று பார்த்தேன். துடைக்கவில்லை.

பிறகு பெடல்களை மாற்றினோம். இடது பக்கத்துக்கு மரை உல்டா என்று இந்தத் தடவை நினைவு இருந்தது. டெம்போக்காரர் வந்து, “படியில திருப்பணும் சார், கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க” என்றார். போர்வைக்குள் திரை ஒரு முறை எரிந்து அணைந்தது. என்ன எழுதியிருந்தது என்று படிக்கத் தேவை இருக்கவில்லை.

தரையில் பைக்கின் நான்கு கால்களின் தடம். செல்வி நாளை வருவாள்.

மாலை சைதாப்பேட்டையிலிருந்து சம்பந்தியின் போன். மிதித்துக்கொண்டே பேசுகிறார் என்பது மூச்சில் தெரிந்தது.

“வண்டி ஜம்முனுகீது சம்பந்தி. இன்னா, குமிழ்ல ஒரு பொட்டு ஒட்டிக்கினுகீது. எங்க வூட்ல சுரண்டிடவான்றா.”

“வேண்டாம். சுரண்ட வேண்டாம். அதுதான் உங்க அளவு. அதைத் தாண்டக் கூடாது.”

“அப்டியா. யாரு, டாக்டர் வெச்சதா?”

“இல்லை. வசந்தி வைத்தது.”

பெடல் சுற்றும் சத்தம் போனில் வந்தது.

“சரி சம்பந்தி” என்றார். “தாண்ட மாட்டேன்.”