சீசனுக்குக் காலி செய்த வீடு

அக்கா,

எதிர் வீட்டில் காலையிலிருந்து வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசம் என் சமையலறை வரை வந்துவிட்டது. மார்ச் பிறந்தால் கொடைக்கானலில் இந்த வாசம் வரும். கூடவே உங்கள் மீது எனக்கு எரிச்சலும் வரும். நீங்கள் போய் இத்தனை வருஷம் ஆன பிறகும் அது குறையவில்லை.

அது எண்பதுகளின் தொடக்கம். நான் தொடக்கப் பள்ளி டீச்சர். நீங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, எங்கள் பள்ளி விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தவர். இந்த எதிர் வீட்டில்தான் வாடகைக்கு இருந்தீர்கள். இருந்தீர்கள் என்று சொல்வதே அதிகம். வருஷத்தில் பத்து மாதம் நீங்கள். ஏப்ரலும் மேயும் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். அப்போது இங்கே பல வீடுகளில் அதுதான் நடைமுறை. மார்ச் கடைசியில் வீட்டுக்காரர் வந்து நிற்பார். "சீசன் வருதுங்க. பார்ட்டி புக் பண்ணிட்டாங்க. ஜூன்ல வந்துக்கங்க" என்பார், ஏதோ உங்களை லீவுக்கு அனுப்புவதுபோல. விடுதியும் அந்த இரண்டு மாதம் மூடியிருக்கும். நீங்கள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு பண்ணைக்காட்டுக்கு ஜீப் ஏறுவீர்கள். அங்கே காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் தங்குவீர்கள்.

அதோடு விட்டீர்களா? ஜூனில் திரும்பியதும் புகைக்கூண்டைச் சுத்தம் செய்வீர்கள். பலகை இடுக்குகளில் பசை தடவிப் பழைய பேப்பர் ஒட்டுவீர்கள். வாசலில் பூச்செடி வைப்பீர்கள். வீடு லட்சணமாக ஆக ஆக, அடுத்த சீசனுக்கு அதன் கிராக்கி ஏறும். உங்களைக் காலி செய்யச் சொல்லி இன்னும் சீக்கிரமாக ஆள் வரும். "யாருக்கக்கா இந்தச் சோலியெல்லாம்?" என்று தலையில் அடித்துக்கொள்வேன். "குளிருதே டீச்சர், என்ன செய்ய?" என்பீர்கள்.

பிறகு கணக்கெடுப்பு வந்தது. வீடில்லாதவர்களுக்கு மனை கொடுக்கப் பட்டியல் எடுக்கிறார்கள் என்றதும் உங்களைவிட நான்தான் குதித்தேன். எழுதும் வேலையும் எனக்கே வந்தது. ஆனால் அதிகாரி மலையேறி வந்தது மே மாதத்தில். கீழே வெயில் தாங்கவில்லையாம். வீடில்லாதவர்களை எல்லாம் ஊரைவிட்டு இறக்கிவிட்ட மாதம் பார்த்து, அவர்களைத் தேடி வந்திருக்கிறார். உங்கள் கதவைத் தட்டினால், கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு மதுரைக் குடும்பம் எட்டிப் பார்த்தது. ஆள் இல்லாமல் பேரை எழுத முடியாது என்றுவிட்டார். கெஞ்சினேன். "ஜூன்ல ஒருவாட்டி வாறேன் டீச்சர். ஆளு இருந்தா எழுதிக்குவோம்" என்றார். சொன்னபடியே வந்தார், பாவம், கொட்டுகிற மழையில்.

நீங்கள் விறகு அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். என்ன சொல்ல வேண்டுமென்று முந்தின நாள் முழுக்க உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். "சொந்தமா வீடு இருக்காம்மா, இல்லையா?" என்று கேட்டார். நீங்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "இருக்குங்க ஐயா, இதான் வீடு. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றீர்கள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பார்த்தேன். கடைசியில் நீங்கள் சொன்னதையே எழுதினேன்.

அவர் போனதும் கத்தித் தீர்த்தேன். நீங்கள் நிமிரவே இல்லை. "கப்பல்ல வந்து எறங்கினப்ப, வீடு இல்லாதவங்க எல்லாம் இந்தப் பக்கம் நில்லுன்னாங்க டீச்சர். தோட்டத்து லயத்துல, ஒத்தை அறையில பொறந்தவதான், ஆனா அங்க எனக்குன்னு ஒரு வாசல் இருந்துச்சு. இன்னொருவாட்டி அந்தப் பக்கம் போய் நிக்க ஏலாது." சரி, நியாயம்தான். அதற்காக மனையை விடுவார்களா?

பட்டியலில் இருந்தவர்கள் மனை வாங்கினார்கள். நீங்கள் இன்னும் சில சீசன் ஜீப் ஏறினீர்கள். ஒரு மே மாதம் அந்தக் கொட்டகையிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தீர்கள். இறப்பைப் பதிய நான்தான் போனேன். குமாஸ்தா நிரந்தர விலாசம் கேட்டார். என் வீட்டு எண்ணைக் கொடுத்தேன்.

"ஒங்க வீட்லயா இருந்தாங்க?"

"ஆமாங்க" என்றேன்.

என் வீட்டில் ஒரு அறை எப்போதும் சும்மாதான் கிடந்தது, அக்கா. சீசனில் அதை நானும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதம் உங்களை அங்கே வந்து இருக்கச் சொல்ல எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நீங்களும் கேட்கவில்லை.