உள்ளங்கையில் சரிவு

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்க மணல். நாங்கள் செய்துகொண்டிருக்கும் கோல்ஃப் வீடியோ கேமில் பந்து மணல் குழிக்குள் விழுந்தால் கன்ட்ரோலர் கையில் எப்படி அதிர வேண்டும் என்று காலையிலிருந்து அதே வேலை. இடது பிடிக்குள் ஒரு குட்டி மோட்டார், வலது பிடிக்குள் ஒன்று. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மணல், புல், தண்ணீர், மரம் எல்லாவற்றையும் கைக்குச் சொல்ல வேண்டும். இரண்டே பாத்திரத்தில் விருந்து சமைக்கிற கதை.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இதை யாரும்மா கவனிக்கப் போறாங்க? பேட்டரியைத் தின்னுது. பந்துல அடிச்சா ஒரு 'டொக்', அது போதும்."

குச்சி (எங்கள் ஓவியன், ஆளும் அப்படித்தான் இருப்பான்) கன்ட்ரோலரை வாங்கிப் பிடித்துவிட்டு, "ச்சே, செருப்புக்குள்ள மணல் போன மாதிரி இருக்கு" என்றான். இதைவிட என்ன பாராட்டு வேண்டும்.

சாயங்காலம் வந்து மாடியேறும்போது கீழ்வீட்டில் அண்ணன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். பார்ப்பதற்கு இல்லை, கேட்பதற்கு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவன். கண் நரம்பு கெட்டு, பார்வை முழுக்கப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு மைதானத்தையே விசிலால் ஆட்டி வைத்த மனுஷன், இப்போது "சாப்பிட்டியாண்ணா" என்றால் "ம்" என்பதோடு சரி.

மார்ச் 6, வியாழன்

சாப்பிடக்கூட இல்லை, நேரே எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒழுங்காக எழுத வருமா பார்ப்போம்.

அண்ணன் வீட்டு டிவி பெரியது என்று கேமைச் சோதித்துப் பார்க்கக் கீழே கொண்டுபோயிருந்தேன். இரண்டு கன்ட்ரோலர். ஒன்று என் கையில், இன்னொன்று சோபாவில் கிடந்தது. அண்ணன் உட்கார வந்தவன் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதிர்வு இரண்டுக்கும் போகிற மாதிரி விட்டிருந்தேன், பிரிக்க மறந்துபோய். நான் அடித்த பந்து உருண்டு உருண்டு—

"மணலா?" என்றான்.

அடுத்ததை வேண்டுமென்றே உயரமான புல்லுக்குள் அடித்தேன். "புல்லு. வெட்டாத புல்லு." அடுத்தது குளம். "போச்சு, முழுகிடுச்சு." அடுத்தது மரம். அதை மட்டும் பாறை என்றான். அது என் தப்பு. மரத்தின் அதிர்வு எனக்கே பிடிக்காது.

"இன்னொண்ணு அடி" என்றான்.

அவனாக ஒன்றைக் கேட்டு எத்தனை நாளாகிறது?

மார்ச் 9, ஞாயிறு

செய்துவிட்டேன். குறி இடது பக்கம் தவறினால் இடது பிடி அதிரும், வலது பக்கம் தவறினால் வலது பிடி. இரண்டும் அடங்கினால் குறி நேர். மட்டையை ஓங்க, கன்ட்ரோலரில் கட்டைவிரலால் நகர்த்தும் ஸ்டிக்கைப் பின்னால் இழுக்க வேண்டும். போதுமான அளவு ஓங்கியதும் சுருக்கென்று ஒரு அதிர்வு. உடனே முன்னால் தள்ளினால் பந்து போய்ச் சேரும். அவ்வளவுதான்.

அண்ணன் கையில் கொடுத்தேன். முதல் குழியில் ஒரு அடி வீண். அப்புறம் வீணே இல்லை. பந்து கொடி நட்ட குழியை நோக்கிப் போகிறது, உள்ளே விழுகிறது, டிவியில் கூட்டம் கைதட்டுகிறது. சமையலறையிலிருந்து அண்ணி மாவுக் கையோடு வந்து நின்றவள் நகரவே இல்லை. அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தபிறகுதான் ஓடினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. நானா இதைச் செய்தேன்? நான்தான்.

மார்ச் 11, செவ்வாய்

அண்ணன் ஆடியதைப் போனில் பிடித்த வீடியோவை முதலாளியிடம் காட்டினேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அடுத்த மாதக் கண்காட்சியில் அண்ணன் மேடையேறி அவரோடு ஆட வேண்டுமாம். "பார்வை இல்லாதவர் என்னை ஜெயிக்கிறார். இதுக்கு மேல விளம்பரம் வேணுமா?" என்றார். பேட்டரியைப் பற்றிப் பேச்சே இல்லை.

பஸ்ஸில் இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தேன். உட்கார முடியவில்லை.

மார்ச் 15, சனி

அண்ணன் மூன்று நாளாகக் கன்ட்ரோலரைத் தொடவில்லை என்று அண்ணி மாடிக்கு வந்து சொன்னாள். கீழே போனேன். டிவி முன்னால் அதே பழைய உட்காரல்.

"என்னண்ணா, அலுத்துப் போச்சா?"

"அது அடின்னு சொல்லுது, நான் அடிக்கிறேன்."

"அதனால?"

"காலிங் பெல் அடிச்சதும் போய்க் கதவைத் திறக்கிறேன். அதுக்குப் பேரு விளையாட்டா? விளையாடுறது நீ. நான் வெறும் விரலு."

நான் சும்மா இருந்திருக்கலாம். "எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா உனக்காக" என்றேன். அவன் ரிமோட்டைத் தேடினான், பக்கத்திலேயே இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

இவனுக்கு என்னதான் வேணும்? ஜெயிக்க வெச்சேனே. அது பத்தாதா? ஊரே கூடிப் பாராட்டுது, இவனுக்கு மட்டும் குத்தம். போ, நீயே டிவி கேட்டுக்கிட்டு உக்காரு.

மார்ச் 16, ஞாயிறு

அவன் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

குச்சியோடு டீ குடிக்கும்போது கேட்டேன். "பந்தை அடிக்கிறதுக்கு முன்னாடி உன் கண்ணு உனக்கு என்ன சொல்லுது?"

யோசித்தான். "இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் மேடு, காத்து எங்கேருந்து அடிக்குது... இவ்வளவுதான்."

"எப்ப அடிக்கணும்னு சொல்லுதா?"

"அது எப்படிச் சொல்லும்? அது நான்ல முடிவு பண்ணணும்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். அதேதான். அதேதான். நான் அண்ணனுக்குக் கண் கொடுக்கவில்லை, அவன் மூளையைப் பிடுங்கிக்கொண்டேன். கைக்கு நிலத்தைச் சொல்ல வேண்டும், விடையைச் சொல்லக் கூடாது. பந்துக்கும் குழிக்கும் நடுவே ஸ்டிக்கால் தடவிக்கொண்டே போனால் தரை கையில் தெரிய வேண்டும். ஏற்றம் வந்தால் அதிர்வு கனக்கட்டும், இறக்கம் வந்தால் லேசாகட்டும். தரை இடது பக்கம் சாய்ந்தால் இடது பிடியில் கூடட்டும். காற்று அடித்தால் அதிர்வு விட்டு விட்டு வரட்டும். மட்டையை எவ்வளவு ஓங்கியிருக்கிறான் என்பது மட்டும் தெரியட்டும். எப்போது விடுவது என்பது அவன் பாடு.

தப்பு பண்ண இடம் வேண்டும். அதைத்தான் நான் அடைத்து வைத்திருந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

"மறுபடி காலிங் பெல்லா?" என்றான்.

"இல்ல. இதுல நீ தோப்ப."

கையை நீட்டினான்.

முதலில் வெறுமனே தடவிக்கொண்டிருந்தான். பந்திலிருந்து குழிக்கு, குழியிலிருந்து பந்துக்கு. முகம் மாறிக்கொண்டே வந்தது. "இங்க ஒரு மேடு. தாண்டுனா சரியுது, இடது பக்கமா. அப்புறம்... சட்டி மாதிரி ஒரு பள்ளம்?" என்றவன், சோபா துணியில் விரலால் அந்தத் தரையை வரைந்து காட்டினான். நான் டிவியைப் பார்த்தேன், சோபாவைப் பார்த்தேன். ஒரே சரிவு, ஒரே வளைவு.

பிறகு அடித்தான். குளத்தில் விழுந்தது. மறுபடி அடித்தான், மறுபடி குளம். மூன்றாவது மணலுக்குள். "ஏய், எங்கடா போற? நில்லுடா அங்க" என்று பந்தைப் பார்த்து ஒரு அதட்டல். பழைய மைதானக் குரல். ஜன்னல் கம்பி அதிர்ந்திருக்கும்.

அண்ணி என் காதோடு சொன்னாள்: "ரெண்டு வருஷமா தன்னைத்தான் திட்டிக்கிட்டிருந்தாரு. இப்பதான் வேற ஆளு கிடைச்சிருக்கு."

எத்தனை அடியில் அந்தக் குழியை முடித்தான் என்று எழுத மாட்டேன், மானம் போய்விடும். முடித்ததும் கேட்டான்: "எங்க தப்பு பண்ணேன்? சொல்லாத. நானே கண்டுபிடிக்கிறேன். இன்னொரு தடவை."

மார்ச் 27, வியாழன்

பூனைக்கு மணி கட்டியாகிவிட்டது. முதலாளியிடம் சொல்லிவிட்டேன், மேடையில் இரண்டாவது வகைதான் என்று.

"அதுல அவர் ஜெயிப்பாரா?"

"தெரியாது சார்."

"தெரியாதா? அத்தனை பேருக்கு முன்னாடி ஒரு பார்வையில்லாதவரை நான் தோக்கடிச்சா என்னை என்ன நினைப்பாங்க? முதல்ல செஞ்சதையே வை."

அண்ணனிடம் சொன்னேன். அவன் என் போனை வாங்கி முதலாளியிடமே பேசினான். "சார், ஜெயிக்க விட்டீங்கன்னா பாதியில எந்திரிச்சுப் போயிடுவேன். நல்லா ஆடி என்னைத் தோக்கடிங்க, முடிஞ்சா." போனை என்னிடம் நீட்டிவிட்டு, "உன் முதலாளி நல்லா சிரிக்கிறாரே" என்றான்.

ஏப்ரல் 2, புதன்

வீடு வீடாக இல்லை. டிவி கிடைக்காமல் அண்ணி மாடியில் என் மடிக்கணினியில் சீரியல் பார்க்கிறாள். அண்ணனுக்குக் கட்டைவிரலில் காய்ப்பு. ஆபீஸ் முடிந்ததும் நான் அவனோடு ஆட வேண்டும் என்பது சட்டம்.

இன்று பாவம் என்று குழிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடியை வேண்டுமென்றே தவறவிட்டேன். பிடித்துவிட்டான். "அந்த இடம் உள்ளங்கை மாதிரி சமம். தடவிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். அதைப் போய் நீ விடுவியா? மறுபடி அடி."

அடித்தேன். ஜெயித்தேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டான், இரண்டு தட்டு.

ஏப்ரல் 12, சனி

கண்காட்சி. ஐயோ, எங்கேயிருந்து ஆரம்பிப்பது?

காலையில் அண்ணன் விளையாட்டு ஷூவைத் தேடி எடுத்து மாட்டினான். "உக்காந்து ஆடுறதுக்கு எதுக்குண்ணா ஷூ?" என்றேன். "வாத்தியார் செருப்போட மைதானத்துக்குப் போவாரா?" என்றான்.

மேடையில் முதலாளி மைக்கைப் பிடித்து உருக்கமாக ஆரம்பித்தார். பார்வையில்லாத இந்த நண்பர், தன்னம்பிக்கை, அது இது என்று. அண்ணன் மைக் இருக்கும் திசைக்குக் கை நீட்டி வாங்கி, "சார் பேசிப் பேசியே என்னைக் களைப்பாக்கப் பாக்குறாரு. ஆட்டத்தை ஆரம்பிங்க" என்றான். கூட்டம் சிரித்தது. அதோடு இரக்கம் எல்லாம் போயிற்று. ஆட்டம் மட்டும் மிஞ்சியது.

யாருக்கு அடி குறைவோ அவருக்கு ஜெயம். கடைசிக் குழி வரைக்கும் சமம். அண்ணன் தரையைத் தடவுகிறான். மண்டபத்தில் அவ்வளவு இரைச்சல், அவனுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாம் கைக்குள் நடக்கிறது. நான் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்கிறேன். சரிவைச் சரியாகத்தான் படித்தான். குறியும் சரி. ஆனால் ஆர்வத்தில் ஒரு பிடி பலம் கூடிவிட்டது. பந்து குழி விளிம்பைச் சுற்றி வெளியே வந்தது. முதலாளி தன் பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டார்.

தோற்றுவிட்டான்.

யாருக்கும் கைதட்டத் தெரியவில்லை. முதலாளி முகம் வெளிறிப்போய் என்னைப் பார்க்கிறார். அண்ணன்தான், "சே, பலமா அடிச்சிட்டேன். சார், இன்னொரு ஆட்டம்?" என்றான்.

முதலாளி மைக்கைக் கீழே வைத்துச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்கப்புறம்தான் உண்மையான ஆட்டம். கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியது. நடுவிலேயே கண்காட்சிக்காரர்கள் வந்து நேரம் முடிந்தது என்றபோது முதலாளி அவர்களோடு சண்டைக்குப் போய்விட்டார். "இன்னும் முடியலைய்யா, அடிக் கணக்குல நான் ஒண்ணு பின்னாடி இருக்கேன்."

கீழே வரிசை. எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு தரையைத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொள்ளக் குச்சி தன் கைக்குட்டையையே எடுத்துக் கொடுத்துவிட்டான்.

திரும்பும்போது காரில் முதலாளி, "முதல்ல செஞ்சதைத் தூக்கிடு, ரெண்டாவது மட்டும் போதும்" என்றார். வேண்டாம் சார் என்றேன். வெறுமனே ஒரு பந்து போய் விழுவதைக் கேட்டாலே போதும் என்கிறவர்களும் இருப்பார்கள். இரண்டும் இருக்கட்டும், எடுப்பவர் எடுக்கட்டும்.

அண்ணன் பின்சீட்டில் ஷூவோடு தூங்கிவிட்டான்.

ஏப்ரல் 14, திங்கள்

மரத்தின் அதிர்வைச் சரிசெய்தேன். இனி பாறை என்று யாரும் சொல்ல முடியாது.

மே 10, சனி

கேம் வெளியாகி ஒரு வாரம். மத்தியானம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கீழே அண்ணன் யாரோடோ வாதாடும் சத்தம். இறங்கிப் போனேன். அண்ணி வாசலிலேயே என்னைத் தடுத்து வாயில் விரல் வைத்தாள்.

நெட்டில் யாரோ ஒருவரோடு ஆடிக்கொண்டிருக்கிறான். முன்பின் தெரியாத ஆள், எந்த ஊரோ. பேச்சு டிவி வழியாகக் கேட்கிறது. அண்ணன் ஒவ்வொரு தடவையும் தரையைத் தடவிப் பார்த்து அடிக்க நேரம் எடுக்கிறது இல்லையா, அந்த ஆளுக்குப் பொறுமை போய்க்கொண்டிருக்கிறது. "என்ன தலைவா, தூங்கிட்டியா?" "இருய்யா, அவசரப்பட்டா பந்து போகுமா?" இப்படியே.

கடைசியில் அண்ணன் அடித்தான். பந்து மேட்டைத் தாண்டி, குழியைத் தாண்டி, ஓடிப்போய்க் குளத்தில் விழுந்தது.

"யோவ், அவ்வளவு பெரிய குளம் இருக்கு, கண்ணு தெரியலையாய்யா உனக்கு?"

அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"தெரியலைய்யா" என்றான் அண்ணன். "உனக்குத் தெரியுதுல்ல, நீ ஏன் போன குழியில குளத்துல விழுந்த?"

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "சரி சரி, விடு. அடுத்த குழிக்கு வா."

ஆட்டத்தில் அண்ணன்தான் தோற்றான். நாளைக்கு மறுபடி ஆடுவதாகப் பேசி வைத்திருக்கிறார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். அந்த ஆளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அண்ணன் உள்ளதைச் சொல்லிவிட்டான், அவர்தான் நம்பவில்லை.