கோலுக்கு முன்னால் ஒரு வழுக்கை

ஆகஸ்ட் 12, சனி

கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அப்பாவின் கல்லறையில் இருக்கும் பிகோனியாப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். இந்த வெயிலில் பக்கத்துக் கல்லறைகளில் எல்லாம் கருகிக் கிடக்க, இவருடையது மட்டும் பூத்துத் தள்ளுகிறது. உயிரோடிருந்தவரை ஒரு தொட்டிச் செடியைக்கூடத் திரும்பிப் பார்க்காத மனிதர். வழக்கம்போல் கடைசி ஆட்டத்தின் ஸ்கோரைச் சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான்.

மாலையில் நெவ்ஸாத் ஃபோன் செய்தார். க்ளுக்அவுஃப் கால்பந்து கிளப்புக்கு இப்போது அவர்தான் தலைவர். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்ட். "டாக்டரம்மா, கிழக்கு கோலுக்கு முன்னாடி புல்லு செத்துக்கிட்டே இருக்கு. என்ன விதைச்சாலும் முளைக்கல. யாரோ எதையோ கொட்டறாங்க."

செப்டம்பரில் கால்பந்துச் சங்கத்தின் ஆய்வாளர் வருகிறார். மைதானம் ஆடத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டால் நகராட்சி குத்தகையை முறித்துவிடும். அந்த இடத்தில் சரக்குக் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

ஏழாம் நிலை லீக்கில் தட்டுத் தடுமாறும் கிளப். போனால் எனக்கென்ன? ஆனால் மண்ணை ஆராய்வதுதான் என் தொழில். மண் சும்மா சாகாது. யாரோ சாகடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மண் எடுக்கப் போனேன். பெனால்டி புள்ளிக்கும் கோலுக்கும் நடுவில், சாப்பாட்டு மேசை அளவுக்கு ஒரு வழுக்கை. மற்ற இடமெல்லாம் பச்சை. இது நோய் இல்லை, வறட்சி இல்லை.

மைதானத்தைப் பராமரிக்கும் சொபோட்டா என் பின்னாலேயே சுற்றினார். "மண்ணுக்கும் வயசாகும்ல, டாக்டரம்மா. எனக்கே மேல ஒண்ணும் முளைக்கல," என்று தொப்பியைத் தூக்கித் தலையைக் காட்டினார். நான் சிரிக்கவில்லை. மண்துருவியை அழுத்தியபோது, "ரொம்ப ஆழமா வேணாமே," என்றார். ஏன் வேண்டாம்?

அவருடைய மருமகன் அந்தக் கிடங்குக் கம்பெனியில் லாரி ஓட்டுகிறானாம். நெவ்ஸாத் இதை என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கிளம்பும்போது கார் நிறுத்துமிடத்தில் சொபோட்டா ஒரு ஆளோடு தலையைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் புழுக்கத்தில் கறுப்புக் கோட்டு. எனக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது. எங்கோ பார்த்த முதுகு.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

உள்ளூர் ஆட்டம். வேவு பார்க்கத்தான் போனேன் என்று எழுதிவைக்கிறேன். 1–1.

நம் கோல்கீப்பர் பந்தை எடுக்கப் போகும்போது அந்த வழுக்கையை மிதிக்காமல் சுற்றிப் போகிறான். ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும். எதிரணி கோல்கீப்பர் பாதி ஆட்டத்துக்குப் பின் அங்கே நின்று காறித் துப்பினான். கம்பிக்குப் பின்னால் நின்ற கிழவர்கள் கூட்டம் மொத்தமும், "டேய்! எங்கடா துப்பற? உங்க வீட்டு அடுப்பங்கரைல போய்த் துப்புடா!" என்று கத்தியது. துப்பினதற்கு இவ்வளவு கோபமா? இதே ஆட்கள் நடுவரை என்னவெல்லாம் சொல்வார்கள்.

தம்பி டோர்ஸ்டன் வழக்கம்போல் சாஸேஜ் கடையில் கரி அடுப்போடு நின்றான். நான் போனதும் அங்கே பேச்சு நின்றது. "என்ன பெரியவளே, மண்ணு என்ன சொல்லுது?" என்றான். சாஸேஜைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அவன் பொய் சொல்லும்போது சின்ன வயதிலும் தட்டைத்தான் பார்ப்பான்.

ஆகஸ்ட் 21, திங்கள்

என் தம்பியுமா?

ஆகஸ்ட் 24, வியாழன்

மண் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. சோடியம் மிக அதிகம். மண் சோப்புத் தண்ணீர்போல் காரத்தன்மையோடு இருக்கிறது. உப்பு கொட்டியிருக்கிறார்கள் என்று எழுதத் தொடங்கினேன், நிறுத்தினேன். வெறும் உப்பென்றால் சுண்ணாம்புச் சத்து ஏன் இவ்வளவு? பாஸ்பேட் ஏன் அளவுகோலையே தாண்டுகிறது?

சலித்துப் பார்த்தேன். வெள்ளையாகச் சின்னச் சின்னத் துணுக்குகள். உருப்பெருக்கியின் கீழ் நுண்துளைகள்.

எலும்பு. எரிந்த எலும்பு.

ஆகஸ்ட் 25, வெள்ளி

சொபோட்டாவின் கொட்டகைக்குப் போய், "எலும்புச் சாம்பல்," என்று மட்டும் சொன்னேன்.

தொப்பியைக் கழற்றினார். "உக்காருங்க, டாக்டரம்மா."

"வேண்டாம்."

"அப்ப நான் உக்காந்துக்கறேன்."

இங்கே சட்டப்படி அஸ்தி கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். எல்லை தாண்டி ஹாலந்தில் எரித்தால் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். எல்லோருக்கும் தெரிந்த சுற்றுவழிதான். செத்துப்போன கிளப் ரசிகர்களின் அப்படிப்பட்ட சாம்பலைத்தான் இந்தக் கோலுக்கு முன்னால் புதைத்திருக்கிறார்கள்! கிளப் ஒரே ஒரு முறை லீக்கில் மேலேறியது. அந்தக் கடைசி ஆட்டத்தில் தலையால் முட்டி கோல் போட்ட இடம் அது. ஆளாளுக்கு அதே இடம்தான் வேண்டுமாம்.

"எத்தனை பேர்?"

"ஆறு பேரு. மொதல் அஞ்சு பேரப் புல்லு தாங்கிச்சு. ஆறாவது ஆளு வந்தப்புறம்தான்... அவரு எப்பவுமே எடம் ஜாஸ்தி எடுத்துக்குவாரு. கம்பிகிட்ட நின்னாக்கூட ரெண்டு பேரு எடம்."

யாரென்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் டிராமில் அந்தக் கறுப்புக் கோட்டு ஞாபகம் வந்தது. போன அக்டோபரில், அப்பாவின் அஸ்திக் கலசத்தை ஏந்திக்கொண்டு எனக்கு முன்னால் நடந்த முதுகு அது. நான் அழாமல் அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஆகஸ்ட் 26, சனி

டோர்ஸ்டன் கதவைத் திறந்ததும், "அப்பா எங்கடா?" என்றேன்.

தரையைப் பார்த்தான். "சொபோட்டா சொல்லிட்டானா?"

"மண்ணு சொல்லிச்சு."

அப்பாவே கேட்டுக்கொண்டாராம். ஆஸ்பத்திரியில், நான் காப்பி வாங்கப் போன நேரத்தில். அடக்கம் செய்கிற அந்தக் கறுப்புக் கோட்டுக்காரரும் கிளப் மெம்பர்தானாம். கலசத்தை மாற்றிக் கொடுத்தது அவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டேன். பிறகு ஒன்று கேட்டேன்: "அப்ப அந்தக் கல்லுக்குக் கீழ என்னடா இருக்கு? நான் வாராவாரம் தண்ணி ஊத்தறேனே?"

இந்த முறை என்னை நேராகப் பார்த்தான். "கலசம் வெயிட்டா இருக்கணும்ல, பெரியவளே... நம்ம அடுப்புச் சாம்பல். பீச் மரக்கரி. நல்ல கரிதான்."

சாஸேஜ் சுட்ட சாம்பல்! அதுகிட்டப் போய் நான் ஸ்கோர் சொல்லிட்டு வந்திருக்கேன். பதவி உயர்வு கிடைக்காததைச் சொல்லியிருக்கேன். வேற யாருகிட்டயும் சொல்லாததெல்லாம்—

"ஏன்டா என்கிட்ட மறைச்சீங்க?" என்றேன்.

"அப்பாதான் சொன்னாரு. கெர்ஸ்டின்கிட்ட வேணாம், அவ ஆதாரம் கேப்பா, சட்டம் பேசுவான்னு."

நான் ஊரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

நகராட்சிக்குச் சொல்லலாம். சொல்ல வேண்டும். சொன்னால், என்னைப் பற்றி அப்பா நினைத்தது சரியென்று ஆகிவிடும்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

சொபோட்டா, டோர்ஸ்டன், நெவ்ஸாத் மூவரையும் கொட்டகையில் நிற்கவைத்துப் பேசினேன். நெவ்ஸாத்துக்கு ஒன்றும் தெரியாதாம். முகத்தைப் பார்த்தால் நிஜம்போல் இருந்தது. ஆனாலும் இரண்டு முறை கேட்டேன்.

"ஆறு பேரையும் ஒரே குழியில் கொட்டினால் எந்தப் புல் பிழைக்கும்? மெல்லிசாக விரித்துத் தூவியிருந்தால் இந்த மைதானமே தின்று ஏப்பம் விட்டிருக்கும். ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையா?"

"கேக்கறதுக்கு எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே மண்ணு டாக்டர் நீங்கதான்," என்றார் சொபோட்டா. "உங்கள எப்படிக் கேக்கறது?"

ஆகஸ்ட் 30, புதன்

மழையில் வேலை. இரண்டு மண்வெட்டி ஆழத்துக்கு எடுத்து, புது மண் போட்டு, மூலைக்கொடிக்குப் பின்னாலிருந்து புல்லைப் பாளம் பாளமாக வெட்டிப் பதித்தோம். எடுத்த மண்ணை கோலுக்குப் பின்னால், கிழவர்கள் நிற்கும் சரிவு முழுக்க மெல்லிசாகப் பரப்பச் சொன்னேன். சட்டத்துக்கு இதுவும் தப்புதான். தெரிந்தே சொன்னேன்.

டோர்ஸ்டன் முதல் தள்ளுவண்டியைக் கவிழ்க்கும்போது, "மெதுவாடா!" என்று கத்திவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

ஆய்வாளர் முழங்காலிட்டுப் புல்லை இழுத்துப் பார்த்தார். வேர் பிடித்திருந்தது. "இங்க என்ன பிரச்சினை இருந்துச்சு?" என்று கேட்டார். சொபோட்டா வானத்தைப் பார்த்தார். "உப்புச் சத்து அதிகம்," என்றேன். "மண்ணை மாற்றிவிட்டோம்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

மைதானத்துக்குச் சரி சொல்லிவிட்டார். கிடங்கு வேறு ஊர் பார்க்கட்டும்.

செப்டம்பர் 17, ஞாயிறு

2–0. சரிவில், கம்பி ஓரத்தில் நின்றேன். எங்கே கால் வைப்பது என்று கொஞ்சம் தயங்கினேன். பக்கத்துக் கிழவர் நகர்ந்து இடம் விட்டார். இரண்டு பேர் நிற்கும் இடம்.

திரும்பும் வழியில் கல்லறைத் தோட்டம். நேற்று போகவில்லை, இன்றைக்கும் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிகோனியா இன்னும் பூத்துக்கொண்டிருக்கிறது. பூக்காமல் என்ன செய்யும்? பூவுக்கு வேண்டிய பொட்டாசியம் மரச்சாம்பலில் ஏராளம். ஒரு வருடமாக என் கண்ணுக்கு முன்னாலேயே ஆதாரம் இருந்திருக்கிறது.

வாளியை நிரப்பித் தண்ணீர் ஊற்றினேன். ஸ்கோரை மட்டும் சொல்லவில்லை. அதை அப்பாவே பார்த்துவிட்டார்.