திருப்பதி அண்ணன் பெயருக்கு முன்னால் வந்த சொல்

போடி
ஞாயிறு காலை

அப்பு வினோத்குமாருக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தப் பனியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். அப்பா குரங்கணிக்கு மேலே ஏலக்காய் பறிக்கப் போயிருக்கிறார், விடாத மழையில் பாதையெல்லாம் வழுக்குகிறதாம், சனிக்கிழமைதான் இறங்குவார். வாரம் ரெண்டு தடவை போனில் பேசுகிறோமே, இது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

நீ வெளிநாட்டுக்குப் போகும்போது உன் எழுத்து ஃபாண்டுகளும் நீ வடிவமைத்த கல்யாணப் பத்திரிகைகளும் உள்ள பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா, அதை வைத்துத்தான் ஈஸ்வர் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். அங்கே வெளியே இருப்பது வருகிறவர் போகிறவர் எல்லாரும் உட்காரும் கம்ப்யூட்டர். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் முதலில் ஃபாண்டை ஏற்று, அப்புறம் ஃபைலைத் திற, முடிந்ததும் பென்டிரைவை மறக்காமல் உருவு என்று நீ நோட்டில் எழுதியே கொடுத்திருந்தாய். போன மாதம் ராசிங்காபுரம் திருப்பதி அண்ணன் மகள் முத்துப்பிரியாவின் கல்யாணப் பத்திரிகை என்னிடம் வந்தது. அண்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி ரெண்டு மாதம்தான் ஆகிறது, அந்தக் கல்யாணத்தைப் பார்க்கவே பிழைத்து வந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர். நான் பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றினேன். அவசரத்தில் ஃபாண்டை ஏற்றவில்லை. மற்ற எழுத்தெல்லாம் சரியாகத் தெரிந்தது, பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் நீ வைத்த பூ எழுத்து மட்டும் ஏதோ இங்கிலீஷ் எழுத்தாகக் குழம்பிக் கிடந்தது. அது திரு என்றுதான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அது அந்தப் பழைய பத்திரிகையில் பெண்ணின் இறந்துபோன தகப்பனாருக்குப் போட்ட தெய்வத்திரு.

உள்ளே அச்சடிக்கும் கம்ப்யூட்டரில் உன் ஃபாண்டெல்லாம் முன்பே இருப்பதால் அது அழகாக விழுந்துவிட்டது. அச்சடிக்கிற கார்த்திகா முதல் தாளை எடுத்துக்கொண்டு வந்து, அக்கா ஒரு தடவ பாத்துட்டுப் போங்க என்றாள். பஸ்சுக்கு நேரமாச்சு, நீ வெரசா அடி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர்கள் வீட்டிலும் மாப்பிள்ளை பெண் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மஞ்சள் தடவிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டில் இருக்கும் அவர்கள் சொந்தக்காரர் சோணைக்குப் பத்திரிகை கைமாறிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மனுஷன் யாரையும் கேட்காமல் போடியில் ரோஜா மாலை வாங்கிக்கொண்டு ஜீப்பில் அழுதுகொண்டே ராசிங்காபுரத்தில் போய் இறங்கியிருக்கிறார். திருப்பதி அண்ணன் வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம்.

அன்றைக்கே அவர் மனைவி பத்திரிகையோடு கடைக்கு வந்து நின்றார். கடை நிறைய ஆள். பார்த்ததுமே தப்பு என்னுடையது என்று எனக்குப் புரிந்துவிட்டது வினோத், தெரியாமல் சொன்னேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நான் சரியாத்தான் கொடுத்தேன், உள்ள அடிக்கும்போதுதான் என்னமோ மாறிப்போச்சு என்றேன். கார்த்திகா என்னைப் பார்த்தாள். ஈஸ்வர் அங்கேயே அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். புருஷன் இல்லாமல் ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவள். நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன், சாப்பிட்டேன்.

மறுநாள் அவளே வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். அக்கா, பென்டிரைவ கம்ப்யூட்டர்லயே விட்டுட்டீக, தம்பி செஞ்ச பைலெல்லாம் இருக்கு, யாராவது கொண்டு போயிட்டா என்ன செய்வீக என்று கையில் கொடுத்தாள். அவள் அதைத் திறந்து, என் ஃபைலிலேயே அந்தச் சொல் இருப்பதைப் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு மதியமே ராசிங்காபுரம் போனேன். தப்பு என்னுது, கார்த்திகா மேல ஒண்ணும் இல்ல என்று திருப்பதி அண்ணன் முன்னால் சொன்னேன். அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணன், எனக்கு ஒண்ணுமில்லம்மா, எம்மக அதப் பாத்துட்டு ராத்திரியெல்லாம் என் மூக்குல விரல வச்சு வச்சுப் பாத்துக்கிட்டே கெடந்தா என்றார். புதிதாக அடித்துக் கொடுத்து, பழையதை வாங்கிவர நானே வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நான் செஞ்ச தப்பு என்று சொல்லித்தான் வாங்கினேன். சோணை அண்ணன் மட்டும் தரவில்லை, அதை அன்றைக்கே கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாராம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது, அண்ணன்தான் தாரை வார்த்தார், நான் போகவில்லை.

கடையிலும் எல்லார் முன்னாலும் சொன்னேன். ஈஸ்வர் தலையைக் குனிந்துகொண்டு கார்த்திகாவுக்குப் போன் போட்டான். அவள் அதற்குள் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஸ்டோரில் சேர்ந்துவிட்டாள், திரும்பி வர மாட்டேன் என்றுவிட்டாள். நான் அங்கேயும் தேடிப் போனேன். காயைப் பொறுக்கிக்கொண்டே, அக்கா, நீங்க வீடு வீடாப் போயி சொல்றதெல்லாம் சரிதான், அன்னைக்கு கடையில வச்சு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் அவர் மலைக்குப் போகும்போது எப்போதும் சொல்கிற போயிட்டு வர்றேன் மட்டும் இல்லை. இப்போது கடையில் உட்கார்ந்தால் முதலில் ஃபாண்டைத்தான் ஏற்றுகிறேன், ஒவ்வொரு பெயரையும் சத்தமாகப் படிக்கிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

நீ எந்தக் குறையும் இல்லாமல், நாலு பேர் நடுவில் தலை நிமிர்ந்து வாழ வேண்டும் அப்பு, குலசாமி உன் கூடவே இருக்கட்டும். காலில் உறை போடாமல் வெளியே போகாதே, ராத்திரிச் சோற்றைத் தள்ளிப்போடாதே. ஒன்று மட்டும் மறக்காதே. ஈஸ்வர் உன் சினேகிதன், என்றைக்காவது இதைப் பற்றி உன்னிடம் பேசுவான். எங்கம்மா அப்படிச் செய்திருக்க மாட்டாங்க என்று மட்டும் சொல்லிவிடாதே. செய்தேன்.

உன் அம்மா
பொன்னுமணி