கடைசி டிஸ்கில் சந்தனம் இல்லை

அக். 3, வெள்ளி
மழைக்கு முந்தின புழுக்கம். மூன்று மணிக்கு கரண்ட் போனது. யு.பி.எஸ். இரண்டு நிமிஷம் கத்திவிட்டு அடங்கியது. பேட்டரி மாற்றச் சொல்லி எத்தனை தடவை. சர்வர் பாதி வேலையில் அப்படியே அணைந்தது. சரி, நாளை ஆயுத பூஜை, இனி திங்கள்தான் ஆபீஸ். மல்லிகாவிடம் (சேலை டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து தறியில் வரிசையாகக் கோர்க்கும் துளை அட்டைக்கு அனுப்புபவர்) "எல்லாத்தையும் துடைச்சு பொட்டு வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.
வாங்க: பொரி, வாழைப்பழம், அப்பா மாத்திரை.

அக். 6, திங்கள்
கரண்ட் இருக்கிறது. சர்வர் எழவில்லை. நாலு டிஸ்க்கும் கூட்டுச் சேர்ந்தால்தான் உள்ளே இருப்பது கிடைக்கும். சேர மறுக்கின்றன. திரையில் ஒரே கேள்வி: அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா? ஏழு வருஷத்து டிசைன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "உன்கிட்டதான் சிடி இருக்குதே சீனு, அதப் போட்டுடேம்பா."

சனிக்கிழமைதோறும் சிடியில் நகல் எடுப்பது என் வேலை. ரிஜிஸ்டரில் வாராவாரம் 'எடுத்தாயிற்று', கீழே என் கையெழுத்து. ஆறு மாசமாக ஒன்றுகூட எடுக்கவில்லை.

"பாக்கறேன் சார்" என்றேன்.

அக். 7, செவ்வாய்
தூறல். சர்வர் ரூமுக்கு ஜன்னல் கிடையாது, சத்தம்தான் கேட்கிறது. மெஷினும் விடாமல் பீப், பீப். வாங்கின கடைக்கு போன். "பவர் போனா கஷ்டம்தான் சார். எதையும் அமுக்கிடாதீங்க." இதைச் சொல்ல ஒரு கடை.

வெளியே அட்டைக்குக் காத்திருக்கும் தறிக்காரர்: "இன்னாமா, இன்னிக்காவது ஆவுமா?"
மல்லிகா: "சார் உள்ள பாத்துக்கினு இருக்காரு."

ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இருப்பது ஒரே கதவு, அது முதலாளி மேஜைக்கு எதிரே திறக்கிறது. சாப்பாட்டை உள்ளேயே சாப்பிட்டேன்.

அக். 8, புதன்
வேறு வழியில்லாமல் மெஷினை அணைத்து டிஸ்க்குகளை வெளியே இழுத்தேன். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். மேல் டிஸ்கில் மட்டும் வெறும் குங்குமம்.

"மல்லிகா, இதையெல்லாம் எடுத்தீங்களா?"
"நீங்கதான சார் எல்லாத்துக்கும் பொட்டு வைக்கச் சொன்னீங்க. கரண்டும் இல்ல, இழுத்தா சுளுவா வந்துச்சு."
"திரும்ப வச்சப்போ இடம் மாறிடுச்சு. அதான் சேரமாட்டேங்குது" என்றேன்.

மல்லிகாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் வீட்டிலும் தறி. "அட்டை முன்னபின்ன மாறிப்போனாப்பலயா? அட்டை கெடலயே சார், வரிசைதான?"

உள்ளே எதுவும் கெடவில்லை என்று நம்ப எனக்கு அதுவரை தைரியம் வரவில்லை.

"எப்படி எடுத்தீங்க?"
"மேலேருந்து ஒண்ணொண்ணா. பொட்டு வச்சு ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கிக்கினே வந்தேன். கடைசி ஒண்ணுக்கு சந்தனம் தீந்துபோச்சு. அப்புறம் அடுக்குல மேல இருந்தத எடுத்து மேல சொருகினேன்."

அப்படியானால் தலைகீழ். சந்தனம் இல்லாததைக் கீழே வைத்து, நாலையும் திருப்பிச் சொருகினேன். பீப் நின்றது. ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. அழுதுவிட்டேன்.

அக். 9, வியாழன்
மல்லிகா தானே போய் முதலாளியிடம் சொல்லிவிட்டார். "நாளையிலருந்து நீ வரவேணாம்மா" என்றார் அவர். என்னிடம், "சிடி இருக்குதுன்னுதான் இத்தன நாளும் நிம்மதியா தூங்கினேன் சீனு."

நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் வரை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மல்லிகா டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு, "வரேன் சார்."

அப்போதுதான் எழுந்து போனேன். "சிடியே இல்ல சார். ஆறு மாசமா பொய்க் கையெழுத்து. பொட்டு வைக்கச் சொன்னதும் நான்தான்."

ரிஜிஸ்டரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். திட்டியிருந்தால் தேவலை. பிறகு, "அந்தம்மா இருக்கட்டும். நீ உள்ள உக்காந்து எல்லாத்தையும் சிடில ஏத்து. முடிச்சப்புறம் பேசலாம்."

என்ன பேசுவார், தெரியாது.

அக். 11, சனி
வெயில் என்றார்கள். ரிஜிஸ்டரில் என் பெயரை முதலாளி அடித்துவிட்டார். இனி மல்லிகா கையெழுத்து. நான் எடுக்கும் ஒவ்வொரு சிடியையும் தன் மெஷினில் போட்டு, டிசைன் திறக்கிறதா பார்த்து, அதற்குப் பிறகே பேனாவை எடுக்கிறார். இதுவரை பதினொன்று.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். ஒம்பதாவது தொறக்கல. திருப்பி எடுங்க."

எடுத்துக்கொண்டிருக்கிறேன்.